டைல்ஸ்டாக்கில் மாட்டும் டை ஹோல்டர்: ஸ்டட் மரை கோணாமல் வர என்ன செய்யலாம்?

மண்டபம்_பட்டறை:
அண்ணன்மாருக்கு வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கரையேறிருச்சு. கிளாண்டு ஸ்டட் (மரை போட்ட தலையில்லாத கம்பி), ரட்டர் (சுக்கான்) பிராக்கெட் போல்ட்னு மரை வேலை டஜன் கணக்கில் வருது. ஜூன் 14-க்குள்ள கொடுத்தாகணும். ஸ்டட் பெரும்பாலும் 316 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), கொஞ்சம் பித்தளை. அளவு மூணு நூல் (3/8 இஞ்ச்), அரை இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ (பழைய இஞ்ச் மரை), புது இன்ஜினுக்கு மில்லிமீட்டர் மரை எம்8, எம்10, எம்12. மரை நீளம் அதிகபட்சம் 40 மி.மீ.

வைஸில் பிடிச்சு டை ஸ்டாக்கால் (மரை வெட்டுற டையை மாட்டித் திருப்புற கைப்பிடி) கையில் போட்டா மரை கோணுது. நட்டை ஏத்தி உருட்டிப் பார்த்தா நட்டு ஆடுறது கண்ணுக்கே தெரியுது. சிங்கிள் பாயிண்ட் டூலில் வெட்டினா நேரா வரும், ஆனா இத்தனை எண்ணிக்கைக்கு நேரம் பத்தாது. லேத் டைல்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனையில் இருக்கிற தாங்கி) மாட்டுற டை ஹோல்டர் செய்யலாம்னு இருக்கேன்.

மிஷின் நாலரை அடி பெட். டைல்ஸ்டாக் எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் 3, கூம்பு ஓட்டை). கையில் 55 மி.மீ. இ.என்.8 (கார்பன் ஸ்டீல்) துண்டும், ஃபுளூட் (சுருள் பள்ளம்) உடைஞ்ச எம்.டி.3 டிரில்லும் இருக்கு. கேட்க வேண்டியது மூணு: அந்த டிரில் ஷாங்க்கையே (கூம்பான அடிப்பாகம்) ஆர்பரா, அதாவது ஹோல்டரைத் தாங்குற தண்டா பயன்படுத்தலாமா? ஹோல்டர் சுத்தாம இருக்க ஆர்பரில் பின்னும் உடலில் நீள ஸ்லாட்டும் போடணுமா? எல்லா டைக்கும் ஒரே ஹோல்டர், உள்ளே ரிங் மாத்திக்கிற மாதிரி செஞ்சா சரிவருமா?

தொண்டி_டர்னர்:
தம்பி, மெட்டலைத் தொடுவதற்கு முன் உங்களிடம் இருக்கும் டைகளை ஒவ்வொன்றாக வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். நம் கடைகளில் இஞ்ச் வெளிவிட்டமும் மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கலந்தே கிடைக்கும். இஞ்ச் வகையில் 1 இஞ்ச் (25.4), 1 5/16 இஞ்ச் (33.34), 1 1/2 இஞ்ச் (38.1). மில்லிமீட்டர் வகையில் எம்8-க்கு 25, எம்10-க்கு 30, எம்12-க்கு 38. அரை இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ டை 1 5/16-லும் வரும், 1 1/2-லும் வரும். 38-க்கு என்று 38.05-ல் குழி போட்டுவிட்டால் 38.1 டை உள்ளேயே போகாது. 38.15 வைத்தால் இரண்டுக்கும் ஆகும்.

ரிங் போட்டு ஒப்பேற்றாதீர்கள். டையின் பிளவைத் திறக்கும் நடு ஸ்க்ரூ ரிங்கைத் துளைத்துப் போக வேண்டும், பக்க ஸ்க்ரூ ரிங்கோடு சேர்த்து டையை அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்து டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றே தெரியாமல் போகும். ஆர்பர் ஒன்று, தலைகள் (டை உட்காரும் உடல்) இரண்டோ மூன்றோ என்று வையுங்கள். தலைக்கு ஆகும் செலவு ஒரு துண்டு கம்பிதான்.

டிரில் ஷாங்க்கை ஆர்பராக்குவது வீண் வேலை. ஷாங்க்கைத் தாண்டியதும் எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்), அதில் டூல் ஏறாது. வெல்டு வைத்து நீட்டினால் கோணும், பிறகு அதைத் திரும்பவும் கடைய வேண்டும். 28 மி.மீ. இ.என்.8 கம்பியில் புதிதாகவே கடைந்துவிடுங்கள். உடைந்த டிரில்லுக்கு வேறு வேலை இருக்கிறது, அதுதான் உங்கள் டேப்பர் கேஜ். நாலு ஜா சக்கில் ஃபுளூட் பக்கத்தைப் பிடித்து, டாங்க் (ஷாங்க்கின் தட்டை நுனி) டைல்ஸ்டாக்கைப் பார்க்க வைத்து, ஷாங்க்கின் இரண்டு முனையிலும் டயல் ஆடாத அளவுக்குச் சரிசெய்யுங்கள். பிறகு டயலை டூல் போஸ்ட்டில் மாட்டி, முள்ளைச் சென்டர் உயரத்தில் வைத்து, காம்பவுண்டை (கோணம் வைக்கும் மேல் ஸ்லைடு) ஷாங்க் நெடுகிலும் ஓட்டுங்கள். முள் நகராத கோணம்தான் வேண்டிய கோணம். கணக்கில் அது 1 டிகிரி 26 நிமிடம். காம்பவுண்டில் உள்ள கோட்டை நம்பி அதை வைக்க முடியாது.

ஆர்பரை இரண்டு சென்டருக்கு நடுவில் கடையுங்கள். டேப்பரும் ஸ்பிகாட்டும் (உடல் வழுக்கி ஓடும் நேர்த் தண்டு) ஒரே அச்சில் வர அதுதான் சுலபமான வழி. டேப்பரின் பெரிய முனை 23.8, நீளம் 81, சின்ன முனை ஏறக்குறைய 19.75. அடுத்து 25 விட்டத்தில் 8 மி.மீ. காலர். அதற்கடுத்து 16 மி.மீ. ஸ்பிகாட், 67 நீளம். டேப்பரில் நீலம் தடவி டைல்ஸ்டாக்கில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய முனைப் பக்கம் நன்றாகப் பிடித்தால் போதும், சின்ன முனையில் லேசாக விட்டிருந்தாலும் கெடுதல் இல்லை. நீளத்தை மட்டும் குறைக்காதீர்கள். குறைத்தால் குவில்லை (டைல்ஸ்டாக்கில் முன்பின் நகரும் குழல்) முழுக்க உள்ளே இழுத்தாலும் ஆர்பர் தானாகக் கழன்று விழாது, தட்டி எடுக்க வேண்டிவரும்.

இனி உடல். இதில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம்: ஸ்பிகாட் ஓட்டையையும் டை குழியையும் ஒரே பிடியில் போட வேண்டும். 55 கம்பியை 80 நீளத்துக்கு முகம் வெட்டி, சக்கில் பிடித்து, 15.5 டிரில்லால் முழுக்கத் துளைத்து, போரிங் டூலால் 15.9-க்கு நேராக்கி, 16 எச்7 ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்கு முடிக்கும் டூல்) விடுங்கள். டிரில் போன வழியிலேயே ரீமரை விட்டால் டிரில் எப்படிக் கோணியதோ அப்படியே ரீமரும் கோணும். அதற்காகத்தான் நடுவில் போரிங். அப்படியே சக்கை அவிழ்க்காமல், அதே முகத்திலிருந்து டை குழியை 38.15 விட்டத்துக்கு, 12.2 ஆழத்துக்கு போரிங் செய்யுங்கள். 1 1/2 இஞ்ச் டையின் கனம் 12.7, ஆக அரை மி.மீ. வெளியே நிற்கும். தோள் வரைக்கும் மரை போட அது உதவும். குழியின் அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும். மூலையில் டூல் ரேடியஸ் நின்றால் டை அதில் ஏறி உட்கார்ந்து சாயும். மூலையில் அரை மி.மீ. அண்டர்கட் கொடுத்துவிடுங்கள். எம்12 மில்லிமீட்டர் டை 14 கனம் இருக்கும். அதற்கும் இதே குழி போதும், கூடுதலாக 1.3 வெளியே நிற்கும், அவ்வளவுதான்.

ஸ்பிகாட்டை 15.97-க்கு முடியுங்கள். எண்ணெய் தடவித் தூக்கிப் பிடித்தால் உடல் தன் கனத்திலேயே மெல்ல இறங்க வேண்டும்.

அளவுகள் ஏன் இப்படி என்று கேட்டால்: உடல் காலரில் முட்டி நிற்கும்போது ஸ்பிகாட் முனை குழியின் தளத்துக்கு முக்கால் மி.மீ. பின்னால் இருக்கும். மரை ஓட ஓட உடல் முன்னால் போகும். கம்பியும் ஸ்பிகாட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் கம்பி முனை ஸ்பிகாட்டில் முட்டவே முட்டாது. ஆர்பரைக் குடைய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், இந்த நீளத்துக்கு அது தேவையே இல்லை. 40 மி.மீ. ஓடிய பிறகும் 27 மி.மீ. ஸ்பிகாட் உள்ளே பிடித்திருக்கும். 25-க்குக் கீழே இறங்க விடாதீர்கள், தலை தொங்க ஆரம்பிக்கும்.

குழிக்குப் பின்னால் உடலில் எதிரெதிராக 10 மி.மீ. ஓட்டை இரண்டு போட்டுவிடுங்கள். சுருள் வெளியேற வழி வேண்டும்.

கீழக்கரை_மிஷினிஸ்ட்:
தொண்டிக்காரர் நடு கேள்வியை விட்டுட்டார். அதைச் சொல்றேன்.

பின்னும் ஸ்லாட்டும் வேண்டாம் தம்பி. காரணம் ரெண்டு. டை வெட்டும்போது வரும் முறுக்கு முழுக்க அந்தப் பின்னில் போய் உட்காரும். அழுத்தம் ஏறினா பின் ஸ்லாட்டில் உராய்ஞ்சு பிடிக்கும். உடல் தாராளமா முன்னால் போக வேண்டிய நேரத்தில்தான் அது பிடிச்சு நிக்கும். டை தன் பிட்சில் (மரைக்கு மரை உள்ள தூரம்) போகப் பார்க்கும், உடல் பின்னால் இழுக்கும், மரையின் ஒரு பக்கச் சுவர் சுரண்டப்படும். அடுத்து, அந்த முறுக்கு மோர்ஸ் டேப்பருக்குப் போகும். டிரில் போடும்போது டேப்பர் உள்ளே அழுந்தும், அதனால் பிடிக்கும். இங்கே டை ஆர்பரை வெளியே இழுக்குது. அரை இஞ்ச் எஸ்.எஸ்.ஸில் டேப்பர் ஒரு தடவை வழுக்கிச் சுத்தினா குவில் உள்பக்கம் கோடு விழும். அப்புறம் டிரில் சக்கும் அதில் நேரா நிக்காது.

உடல் முழு சுதந்திரமா சுத்தட்டும், நகரட்டும். முறுக்கைத் தாங்குறது கைப்பிடி. வெளியே நர்லிங் (பிடிக்க வசதியா சொரசொரப்பு) போடு. எம்8 வரைக்கும், பித்தளைன்னா எம்10 வரைக்கும், உள்ளங்கைப் பிடியே போதும். மரை தோளை எட்டினதும் கையை விட்டா ஹோல்டர் கம்பியோட சேர்ந்து சுத்தும், ஒண்ணும் உடையாது. கையுறை மட்டும் போடாதே.

அதுக்கு மேல் உள்ள அளவுக்கு 12 மி.மீ. கம்பியில் 200 நீளக் கைப்பிடி. உடலில் பக்கவாட்டில் எம்10 மரை ஓட்டை. சுவர் 19 மி.மீ. சொச்சம்தான், ஆழம் 15-ஓட நிறுத்திக்க, ஸ்பிகாட் ஓட்டைக்குள் பிசிறு வந்தா உடல் நகராது. மிஷின் முன்னோக்கி ஓடும்போது நம்ம பக்கம் நீட்டின கைப்பிடி கீழ்நோக்கித்தான் அழுத்தும். டூல் போஸ்ட்டில் வழவழன்னு ஒரு சதுரக் கம்பியை பெட்டுக்கு இணையா பிடிச்சு, அதுமேல் கைப்பிடி சாய்ஞ்சு நகரட்டும். அதிலும் எண்ணெய் விடு, அங்கே பிடிச்சாலும் மேலே சொன்ன அதே கோளாறுதான். கைப்பிடி அந்தக் கம்பியின் முனையைத் தாண்டி விழவே கூடாது, விழுந்தா சுத்தி வந்து டூல் போஸ்ட்டில் அடிக்கும். டை இறுதிக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு மரை முன்னாடியே மோட்டாரை நிறுத்தி, மிச்சத்தை சக்கைக் கையால் திருப்பி முடி.

திரும்ப எடுக்கும்போது மோட்டாரை ரிவர்ஸில் போட்டா கைப்பிடி மேலே எகிறும். முகத்துக்கு நேரா வரும். ஒண்ணு கைப்பிடியைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டு, இல்லைன்னா சக்கைக் கையால் திருப்பு.

தொண்டி_டர்னர்:
பாய் சொல்வது சரி. ஸ்க்ரூ ஓட்டைகளைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. குழிச் சுவர் 8.4 மி.மீ. இருப்பதால் எம்6 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போடலாம், முனை கூராக 60 டிகிரி. டிரில் 5. நடு ஸ்க்ரூ டையின் பிளவுக்குள், பக்க ஸ்க்ரூ இரண்டு டையில் உள்ள பள்ளங்களில். பள்ளத்தின் கோணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தைப் பார்த்துப் போடாமல், டையைக் குழிமேல் வைத்து ஸ்க்ரைபரால் கோடு இழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். முன்முகத்திலிருந்து 6 மி.மீ.யில் ஓட்டை வையுங்கள். டையின் பள்ளம் 5.85-ல் இருக்கும், ஸ்க்ரூ அதைவிட ஒரு துளி உள்ளே தள்ளி இருப்பதால் இறுக்கும்போது டையைத் தளத்தோடு அழுத்தும். மாறாக 5.6-ல் போட்டுவிட்டால் இறுக்க இறுக்க டை வெளியே கிளம்பும். கோணல் மரைக்கு இது ஒரு காரணம், யாரும் தேடிப் பார்க்காத இடம்.

14 கனமுள்ள மில்லிமீட்டர் டைக்குப் பள்ளம் தளத்திலிருந்து 7-ல் வரும், இந்த ஓட்டைக்கு நேரே நிற்காது. அதற்குத் தனித் தலை, அல்லது அதே தலையில் 90 டிகிரி தள்ளி 5.4-ல் இன்னொரு வரிசை ஓட்டை.

முதல் ஓட்டத்துக்கு நடு ஸ்க்ரூவை இறுக்கி டையை லேசாகத் திறந்து வைத்துப் போடுங்கள். நட்டை ஏற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்க ஸ்க்ரூக்களைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி இரண்டாம் ஓட்டம். நடு ஸ்க்ரூவைத் தளர்த்தாமல் பக்க ஸ்க்ரூவை முறுக்கினால் டை பிளவுக்கு எதிர்ப்பக்கம் வெடிக்கும்.

பாம்பன்_ஃபிட்டர்:
எஸ்.எஸ்.ஸைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை. பிரச்சினையே அதுதான்.

முதலில் கம்பி விட்டம். டை மெட்டலை வெட்டுவதோடு கொஞ்சம் பிதுக்கவும் செய்யும். பிட்சில் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் கடைய வேண்டும். எம்8-க்கு 7.87, எம்10-க்கு 9.85, எம்12-க்கு 11.82, மூணு நூலுக்கு 9.37, அரை இஞ்ச்சுக்கு 12.5. 316-க்கு இதிலும் இன்னொரு 0.05 குறைக்கலாம். கடையில் வாங்கிய 12.7 பிரைட் கம்பியில் நேராக டை விட்டால் மரை உச்சி பிய்ந்து செதில் செதிலாக வரும். முனையில் 45 டிகிரி சேம்ஃபர் (விளிம்புச் சாய்வு), மரையின் அடி விட்டத்துக்குக் கீழே வரை.

அரை இஞ்ச் பி.எஸ்.டபிள்யூவை 316-ல் ஒரே ஓட்டத்தில் டையால் எடுக்க நினைக்காதீர்கள். இஞ்ச்சுக்கு 12 மரை, ஆழம் 1.35 மி.மீ. அத்தனையையும் டை ஒரே தடவையில் எடுத்தால் சூடேறும், சுருள் ஒட்டும், பல் உடையும். சிங்கிள் பாயிண்ட் டூலில் 0.9 வரை எடுத்துவிட்டு, டையால் முடியுங்கள். கேட்ட எண்ணிக்கைக்கு இது நேரம் பிடிக்கும் என்று தோன்றும், ஆனால் கடைசி நேர அளவு பார்ப்பதும் நட்டு போட்டுப் பார்ப்பதும் மிச்சம். அந்த வேலையை டை பார்த்துக்கொள்ளும். எம்8, எம்10 மட்டும் டையாலேயே போடலாம்.

பேக் கியரில் (வேகம் குறைக்கும் கியர்) ஆகக் குறைந்த வேகம். நிமிடத்துக்கு 30 சுற்றுக்கு மேல் வேண்டாம். நடுவில் நிறுத்தி நிறுத்தி யோசிக்கவும் வேண்டாம். 316 தேய்த்த இடத்தில் கெட்டிப்படும், மறுபடி வெட்டும்போது டை அங்கே சறுக்கும். தண்ணீர் கலந்த வெள்ளை எண்ணெய் இதற்குப் போதாது. கெட்டியான கட்டிங் ஆயில் வேண்டும், கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெய். பித்தளைக்கு எண்ணெயே வேண்டாம், ஆனால் கூர் மழுங்காத டை வேண்டும். எஸ்.எஸ்.ஸில் ஓடித் தேய்ந்த டையைப் பித்தளைக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று நம் ஊர் காற்று. இ.என்.8 ஸ்பிகாட்டைத் துடைக்காமல் ராத்திரி விட்டால் விடியும்போது செம்பொடி பூத்திருக்கும். 16 மி.மீ. ஓட்டைக்குள் அது பூத்தால் உடல் நகராது. நான் உடலுக்குள் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் போடச் சொல்வேன். ஷாப்ட் புஷ் கழிவு இந்தக் கரையில் எந்தப் பட்டறையிலும் கிடக்கும். வெளி 22, உள்ளே 15 விட்டத்தில் கடைந்து, உடலில் அழுத்தி ஏற்றிவிட்டு, அப்புறம்தான் 16-க்கு போரிங்கும் ரீமரும் டை குழியும், தொண்டி அண்ணன் சொன்ன மாதிரி ஒரே பிடியில். ஏற்றுவதற்கு முன்பே 16 முடித்துவிட்டால் அழுத்தத்தில் சுருங்கிவிடும். புஷ் பின்பக்கத்தில்தான் வேண்டும், 50 நீளம் போதும். முன்பக்கம் 17-க்குத் தாராளமாகத் திறந்து விடலாம்.

மண்டபம்_பட்டறை:
கீழக்கரை காக்கா, அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. கன்மெட்டல் புஷ் போட்டே செஞ்சாச்சு. எம்10 பித்தளையில் நல்லா வருது. எம்10 எஸ்.எஸ்.ஸில் ஒரு கோளாறு: முதல் நாலஞ்சு மரை மெலிசா, உச்சி கூரா இருக்கு, நட்டு அங்கே லொடலொடன்னு ஆடுது. அதுக்கப்புறம் சரியா வருது. இன்னொண்ணு, மரை ஒரு பக்கம் ஆழமாவும் எதிர்ப்பக்கம் லேசாவும் தெரியுது.

கீழக்கரை_மிஷினிஸ்ட்:
ரெண்டும் வேற வேற கோளாறு.

முதல் மரை மெலியறது ஆரம்பத்தில் தள்ளுறதில் இருக்கு. குவில் சக்கரத்தால் தள்ளித்தானே ஆரம்பிக்கிறே? டை பிடிக்கிற வரைக்கும், அதாவது ஒரு சுத்து ஒன்றரை சுத்து வரைக்கும்தான் தள்ளணும். பிடிச்சதும் சக்கரத்தை விட்டுடு. அதுக்கப்புறமும் தள்ளினா டை பிட்சைத் தாண்டி முன்னால் அழுந்தும், தள்ளுறதை நிறுத்தினதும் பழைய வழிக்கு வரும், முதல் மரைகளை ரெண்டு தடவை சீவும். தள்ளாமலே விட்டாலும் இதே விளைவுதான், டை பிடிக்காம நின்ன இடத்திலேயே சுத்திச் சுரண்டும். பித்தளை மன்னிக்கும், எஸ்.எஸ். மன்னிக்காது. கணக்கு இதுதான்: சக்கை மோட்டாரில் ஓட்டாம கையால் திருப்பு, இன்னொரு கையால் குவில் சக்கரத்தை இறுக்கித் தள்ளு. டை பிடிச்சதும் தள்ளுறதை விட்டுட்டு இன்னும் ரெண்டு சுத்து திருப்பினா உடலுக்கும் காலருக்கும் நடுவில் இடைவெளி விழும், எம்10-ன்னா 3 மி.மீ. அது விழுந்துட்டா டை தானே போகுதுன்னு அர்த்தம். அப்புறம் மோட்டார்.

டை எந்தப் பக்கம் வெச்சிருக்கேன்னும் பாரு. எழுத்து உள்ள பக்கம்தான் கம்பியைப் பார்க்கணும், அங்கேதான் சாய்வு நீளம். தோள் வரைக்கும் மரை வேணும்னா முதல் ஓட்டம் முடிஞ்சதும் டையைத் திருப்பி வெச்சு இன்னொரு ஓட்டம் விடு.

தொண்டி_டர்னர்:
ஒரு பக்கம் ஆழமாக வருவது டைல்ஸ்டாக் சென்டர் விலகலாக இருக்கலாம். யாராவது டேப்பர் கடைய டைல்ஸ்டாக்கைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு, திரும்பக் கொண்டுவரும்போது கோட்டைப் பார்த்து மட்டும் வைத்திருப்பார்கள். ஆர்பரை மாட்டி, உடலைக் கழற்றி, டயலை சக்கில் பிடித்து, முள்ளை ஸ்பிகாட் மேல் வைத்து சக்கைக் கையால் ஒரு சுற்று திருப்புங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் விலகல். அதை 0.05-க்குள் கொண்டுவாருங்கள். மேலே கீழே வித்தியாசம் வந்தால் டைல்ஸ்டாக் அடி தேய்ந்திருக்கிறது, அடியில் தகடு வைத்து ஏற்ற வேண்டும். ஆர்பர் கழலாத அளவுக்குக் குவில்லை உள்ளே வைத்து ஒரு தடவை, 60 மி.மீ. வெளியே விட்டு, குவில் லாக்கை இறுக்கி ஒரு தடவை பாருங்கள். இரண்டும் ஒத்து வராவிட்டால் குவில் தொங்குகிறது. அப்படியானால் டை போடும்போது குவில்லை எவ்வளவு உள்ளே வைக்க முடியுமோ அவ்வளவு உள்ளே வைத்து, டைல்ஸ்டாக்கையே முன்னால் இழுத்து வேலை செய்யுங்கள்.

கம்பி சக்கிலிருந்து எவ்வளவு நீட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். எம்10-க்கு 60 மி.மீ.யைத் தாண்டினால் கம்பியே வளைந்து கொடுக்கும்.

பாம்பன்_ஃபிட்டர்:
ஸ்டட் முடிந்ததும் 316 நட்டை 316 ஸ்டட்டில் உலர்வாக ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அளவு பார்க்க ஒரு பித்தளை நட்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள், படகில் மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.